டியூட்லிக்கு வந்த நீலம்

1961ஆம் ஆண்டுக் கோடையில், பாரிஸ் நகரின் லூவ்ர் வளாகத்தில் பன்னிரண்டு வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 அடி உயரம், 8 அடி அகலம். எருசலேமில் உள்ள ஹடாசா மருத்துவமனையின் யூதத் தொழுகைக்கூடத்துக்காகச் செய்தவை அவை. யாக்கோபின் மகன்கள் பன்னிருவர், அவர்கள் வழிவந்த கோத்திரங்கள் பன்னிரண்டு, கோத்திரத்துக்கு ஒரு சன்னல். வரைந்தவர் மார்க் ஷகால். பாரிஸ் முடிந்ததும் நியூயார்க், அங்கிருந்து எருசலேம் என்று அவற்றின் வழி முன்பே முடிவாகியிருந்தது. அந்தக் கண்ணாடிகளைப் பார்க்க வந்தவர்களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் பெயர் சாரா. புதிய ஓவியங்களில் ஈடுபாடு மிகுந்த பெண்.

அவள் பார்த்த அந்தப் பன்னிரண்டு சன்னல்களில் மனித உருவமே கிடையாது. தொழுகைக்கூடத்தின் மரபை மதித்து, விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் பூக்களையும் கொண்டே ஷகால் பன்னிரண்டு கோத்திரங்களையும் சொல்லி முடித்திருந்தார். மனிதனை வரையாமலே மனித வாழ்க்கையின் ஏக்கத்தைக் காட்ட முடியும் என்பதற்கு அவை சாட்சி. சாராவுக்காக அதே ஓவியர், அதே பட்டறையில் பின்னால் செய்த கண்ணாடியிலோ நடுநாயகமாக இருப்பது ஒரு மனித உருவம்தான்: தண்ணீரில் மிதக்கும் ஓர் இளம்பெண்.

1963இல், சசெக்ஸ் கரையோரத்தில் ரை என்ற பழைய துறைமுக ஊருக்கு அருகே, பாய்மரப் படகு விபத்தில் சாரா கடலில் மூழ்கி இறந்தாள். வயது 21.

பெற்றவர் இருக்கப் பிள்ளை போவதைப் போன்ற துயரம் வேறில்லை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாராவின் தகப்பனார் சர் ஹென்றி டாவிக்டோர்-கோல்ட்ஸ்மிட் போர்முனை கண்டவர், நாடாளுமன்ற உறுப்பினர், யூதர். தாயார் ரோஸ்மேரி இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். பெண் பிள்ளைகள் தாயின் சமயத்தில் வளர்ந்தார்கள். டன்பிரிட்ஜ் ஊருக்கு அருகே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சோமர்ஹில் மாளிகைதான் அவர்கள் வீடு. அதை ஒட்டிய சிற்றூர் டியூட்லி. ஊருக்குச் சகல பரிசுத்தவான்களின் பெயரில் ஒரு சின்னக் கோயில்.

அந்த மாளிகை ஒரு யூதக் குடும்பத்தின் கைக்கு வந்த கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1290இல் இங்கிலாந்து தன் யூதர்கள் எல்லாரையும் நாடு கடத்தியது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம் கழித்து, 1656 வாக்கில்தான் அவர்கள் மறுபடி குடியிருக்க முடிந்தது. அப்போதும் நாடாளுமன்றம் அவர்களுக்கு மூடிய கதவு. அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர் ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட். மதம் மாறாமல், யூதராகவே இருந்துகொண்டு பரம்பரைப் பட்டம் பெற்ற முதல் ஆங்கிலேயர் அவர், ஆண்டு 1841. சோமர்ஹில்லை அவர் வாங்கியது 1849இல். ஆக, ஆங்கிலக் கிராமம் ஒன்றின் பெரிய வீட்டில் யூதக் குடும்பமும், அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஊர்க் கோயிலுமாக நூறாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. தம் மகளை நினைக்க ஓர் இடம் வேண்டும் என்றபோது பெற்றோர் அந்தக் கோயிலைத்தான் நினைத்தார்கள். பாரிஸில் அவள் பார்த்து மகிழ்ந்த கண்ணாடி அவர்கள் நினைவில் இருந்தது. ஷகாலைக் கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இழப்பு புதிதல்ல. 1887இல் இன்றைய பெலாருஸ் நாட்டின் வீடெப்ஸ்க் நகரில், மீன் கிடங்கில் உழைத்த ஒரு யூதத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பாரிஸுக்கு வந்தார், ரஷ்யா திரும்பினார், புரட்சியைப் பார்த்தார், மறுபடி பிரான்சுக்கு வந்தார். நாஜிப் படையெடுப்பில் அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று. 1941இல் அமெரிக்காவில் கரையேறினார். 1944இல் மனைவி பெல்லா அங்கே இறந்தார். பல மாதங்கள் அவர் தூரிகையைத் தொடவில்லை. போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பிய பிறகுதான், அறுபது வயதைத் தாண்டி, கண்ணாடி அவர் வாழ்க்கைக்குள் வந்தது. அதுவரை நிறத்தைத் துணிமேல் பூசிக்கொண்டிருந்தவர், நிறத்துக்குள்ளிருந்தே வெளிச்சம் வரும் ஒரு பொருளைக் கண்டுகொண்டார். எழுபது வயதில் புதிய தொழில் பழகத் துணிந்தவர் என்பதே எனக்கு அவர்மீது உள்ள மதிப்பில் பாதி.

கண்ணாடியின் பயணம் மணலில் தொடங்குகிறது. மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கினால் நிறமற்ற கண்ணாடி. அந்தக் குழம்பில் கோபால்ட் மிகச் சிறிதளவு விழுந்தாலும் போதும், நீலம் பிறந்துவிடும். செம்பும் தங்கமும் சிவப்பின் வகைகளைத் தரும். வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் வைத்தால் எலுமிச்சை மஞ்சளிலிருந்து தேன் நிறம் வரை வரும். இப்படிப்பட்ட வேலைக்கான கண்ணாடியை வாயால் ஊதித்தான் செய்வார்கள். ஊதி நீண்ட உருளையாக்கி, இரு முனைகளையும் வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு, மறுபடி சூடாக்கினால் உருளை விரிந்து தகடாகப் படியும். அதனால் ஒரே தகட்டில் ஓர் ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும். உள்ளே குமிழிகள் நிற்கும். ஆலைக் கண்ணாடியில் குறை என்று தள்ளுகிற இந்தச் சமமின்மைதான் இங்கே உயிர். தடித்த இடத்தில் நீலம் ஆழமாகும். மெலிந்த இடத்தில் விடியும். குமிழி நிற்கும் இடத்தில் ஒளி ஒரு புள்ளியாகத் தெறிக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நிறமற்ற கண்ணாடி உருண்டையை ஊதுமுன் நிறக்குழம்பில் ஒருமுறை முக்கி எடுத்தால், ஊதி விரித்த தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் நிறம் தோல்போலப் படிந்திருக்கும். அந்தத் தோலை அமிலத்தால் அரிக்கலாம். முழுதும் அரித்தால் வெள்ளை, பாதி அரித்தால் வெளிர்நீலம், தொடாமல் விட்டால் கருநீலம். இதற்குப் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையே தின்னக்கூடியது. தோலில் பட்டால் எலும்பு வரை போகும். இவ்வளவு மென்மையான சாயலை வரவழைக்க இவ்வளவு கொடிய திரவத்தைக் கையாள வேண்டியிருக்கிறது.

ஷகாலுக்காக அந்த அமிலத்தைக் கையாண்டவர் சார்ல் மார்க். பிரான்சின் ரெய்ம்ஸ் நகரத்துக் கண்ணாடிப் பட்டறைக்காரர். அவர் மனைவி பிரிஜித், 1640 முதல் அந்த ஊரில் இதே தொழில் செய்துவந்த சிமோன் குடும்பத்தின் வாரிசு. முதல் உலகப் போரில் ரெய்ம்ஸ் பேராலயத்தின் மீது குண்டுகள் விழுந்து கண்ணாடிகள் நொறுங்கியபோது, மிஞ்சியதைக் காத்துச் செப்பனிட்டவர் பிரிஜித்தின் தகப்பனார் ஜாக் சிமோன். உடைந்த கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த வீடு அது. 1958 முதல் ஷகால் அந்தப் பட்டறையோடு சேர்ந்து வேலை செய்தார். மெட்ஸ் நகரப் பேராலயத்துக்குச் செய்தார்கள், பிறகு எருசலேமுக்கு.

பழைய முறையில் ஒரு நிறத்துக்கு ஒரு துண்டு. நிறம் மாறும் இடத்திலெல்லாம் ஈயப்பட்டை வந்து குறுக்கே நிற்கும். ஷகாலின் ஓவியத்திலோ நிறம் கோட்டை மதிப்பதில்லை. நீலம் பச்சைக்குள் கரையும், பச்சை மஞ்சளைத் தொட்டுத் திரும்பும். இதற்காகவே, ஒரே துண்டில் மூன்று நிறங்கள் வரை பிரியாமல் நிற்கும் ஒரு வழியைச் சார்ல் மார்க் உருவாக்கினார். இதனால் ஈயப்பட்டைக்கு விடுதலை கிடைத்தது. வேலியாக நின்றது, ஷகாலின் பேனாக் கோடாக மாறி, வேண்டிய இடத்துக்கு வளைந்தும் தாவியும் ஓடத் தொடங்கியது. ஷகாலின் சன்னல்கள் என்று உலகம் சொல்லும்போது சார்ல் மார்க்கின் பெயரும் கூடவே வர வேண்டும் என்று நினைக்கிறேன். நம் சிற்பிகளின் பெயரை மறந்து மன்னர்களின் பெயரை மட்டும் சொல்லும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

வேலை நடந்த விதம் இது. ஷகால் சிறிய அளவில் வரைந்து தருவார். சார்ல் அதைச் சன்னலின் முழு அளவுக்குப் பெரிதாக்கி, எந்த இடத்துக்கு எந்தத் தகடு என்று தேர்ந்து, வெட்டி, அரித்து, வெளிச்சத்துக்கு எதிரே தற்காலிகமாகப் பொருத்தி நிறுத்துவார். அதன்பின் ஷகால் ரெய்ம்ஸுக்கு வருவார். இரும்புத் துருவும் அரைத்த கண்ணாடிப் பொடியும் கலந்த கருஞ்சாந்தைக் கண்ணாடிமேல் பூசுவார், துணியால் ஒற்றுவார், தூரிகையின் மறுமுனையால் கீறுவார். அந்தப் பூச்சு 600 பாகைக்கு மேலான சூட்டில் கண்ணாடியோடு கலந்து ஒன்றாகிவிடும்; பிறகு மழை வந்தாலும் போகாது. நிறத்தைக் கொடுப்பது பட்டறை. முகத்தையும் கண்ணையும் கொடுப்பது ஓவியரின் கை.

டியூட்லியின் கீழைச் சன்னலுக்கான கண்ணாடி இப்படி ரெய்ம்ஸில் உருவாகிக் கால்வாயைக் கடந்து கென்ட்டுக்கு வந்தது. 1967இல் பிரதிஷ்டை. அதே 1967 ஜூன் மாதப் போரில் எருசலேமின் ஹடாசா சன்னல்களில் நான்கு சேதமடைந்தன. ஷகால் அவற்றைச் செப்பனிட்டுக் கொடுத்தார். சாரா பாரிஸில் பார்த்த கண்ணாடி குண்டடி பட்ட அதே ஆண்டில், அவள் பெயரால் வந்த கண்ணாடி ஓர் அமைதியான கிராமத்துச் சுவரில் ஏறியது.

லண்டனிலிருந்து டன்பிரிட்ஜுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து கிழக்கே சில மைல். மெட்வே ஆற்றுச் சமவெளி, பழத்தோட்டங்கள், பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியின் பூக்களை உலர்த்தக் கட்டிய கூம்புக்கூரைச் சூளைவீடுகள். இந்தச் சூளைவீடுகளைப் பார்த்ததும் கென்ட் வந்துவிட்டது என்று தெரியும். டியூட்லி 1086ஆம் ஆண்டு நிலக்கணக்கேட்டிலேயே பெயர் உள்ள ஊர். ஆனால் கோயில் பார்வைக்கு எளியது. அடித்தளத்தில் பழைய மணற்கல், 18ஆம் நூற்றாண்டின் செங்கல் கோபுரம், 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த வடபக்கக் கூடம். ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கு ஏற்பக் கொஞ்சம் இடித்து, கொஞ்சம் கட்டியிருக்கிறது. சுற்றிலும் கல்லறைகளும் வயலும். வெளியே நின்று பார்த்தால் சன்னல்கள் கறுத்துக் கிடக்கும். வண்ணக் கண்ணாடிக்கு வெளிமுகம் என்று ஒன்று கிடையாது. பெரிய எதிர்பார்ப்போடு வந்தவர்கள் தவறான கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று ஒருகணம் நினைக்கக்கூடும்.

உள்ளே போனதும் கால் நின்றுவிடும். பீடத்துக்கு மேல் கீழைச் சுவரில் அந்த நீலம்.

முதலில் மேலே பார்க்காமல் கீழே பார்க்க வேண்டும் என்பேன். சன்னலின் அடிப்பகுதியில் அலைகளுக்குள் சாரா கிடக்கிறாள். கடலின் சீற்றம் அங்கே இல்லை. தண்ணீர் அவளை விழுங்கவில்லை, ஏந்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் துயரத்தில் குனிந்த உருவங்கள். இரு குழந்தைகளை அணைத்த ஒரு தாய். அங்கிருந்து கண் மேலே ஏறினால் ஒரு சிவப்புக் குதிரை, அதன்மேல் ஓர் ஆள். சன்னல் முழுக்க நீலம் பரவியிருக்க அந்த ஒரு சிவப்பு மட்டும் சட்டென்று பிடித்து நிறுத்துகிறது. அதற்கும் மேலே ஓர் ஏணி. ஏணியில் ஏறும் உருவமும் சாராதான். யாக்கோபு கனவில் கண்ட ஏணியை விவிலியம் படித்தவர்கள் அறிவார்கள். ஷகால் அந்த ஏணியை வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தவர். ஏணி போய்ச் சேரும் இடத்தில், உச்சியில், சிலுவையில் கிறிஸ்து. வேதனையில் துவண்ட உடலாக இல்லை. இளமையான, வரவேற்கும் உருவம்.

ஒரு யூதத் தகப்பனாரின் மகளுக்காக, ஒரு யூத ஓவியர், ஆங்கிலக் கோயிலில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை வரைந்திருக்கிறார். இதை ஊர் வழக்கத்துக்குப் பணிந்தது என்று எடுத்துக்கொண்டால் ஷகாலை அறியாதவர்கள் ஆவோம். 1938இல் அவர் வரைந்த 'வெண் சிலுவை' என்ற ஓவியம் சிகாகோவில் இருக்கிறது. அதில் எரியும் தொழுகைக்கூடமும் தப்பி ஓடும் யூதர்களும் சூழ நடுவில் கிறிஸ்து. இடுப்பில் சுற்றியிருப்பது யூதர்கள் தொழும்போது போர்த்தும் கோடு போட்ட சால்வை. கிறிஸ்துவையும் கொல்லப்பட்ட ஒரு யூதராகவே அவர் கண்டார். ஐரோப்பாவில் தம் மக்கள் கொல்லப்படுவதை அந்தச் சிலுவையின் வழியாகவே ஐரோப்பாவுக்குச் சொன்னார். கிறிஸ்தவக் கோயில்களுக்கு வேலை செய்யலாமா என்ற கேள்வியும் அவரை வருத்தியிருக்கிறது. 1957இல் ஆல்ப்ஸ் மலையில் அசி என்ற ஊரின் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சுவரோட்டுச் சித்திரம் செய்தபோது, எல்லாச் சமயங்களின் சுதந்திரத்தின் பெயரால் அதைச் செய்ததாக அந்தச் சித்திரத்திலேயே எழுதி வைத்தார். டியூட்லியின் கிறிஸ்து அந்த வழியில் வந்தவர். சர் ஹென்றிக்கும் ரோஸ்மேரிக்கும் சமயம் வேறு, துக்கம் ஒன்று. அந்த ஏணியின் அடியில் இருவராலும் நிற்க முடிந்தது என்பதே இந்தச் சன்னலின் பெருமை என்று நான் கருதுகிறேன்.

பிரதிஷ்டைக்கு ஷகால் வந்தார். கோயிலுக்குள் தம் சன்னலைப் பார்த்த பிறகு, மீதிச் சன்னல்கள் எல்லாவற்றையும் தாமே செய்து தருவதாகச் சொன்னார். பெரிய பேராலயங்களும் ஐக்கிய நாடுகள் சபையும் அவரிடம் வேலை கேட்ட காலம் அது. ஒரு குக்கிராமத்துக்கு இப்படி ஒரு வாக்கு. அதைக் காப்பாற்ற அவருக்குப் பதினெட்டு ஆண்டு பிடித்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரெய்ம்ஸிலிருந்து கண்ணாடி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது சன்னல் வரை முடிந்தது 1985இல். அதே ஆண்டு மார்ச் 28ஆம் நாள் ஷகால் தமது 97ஆம் வயதில் காலமானார். அதற்கு ஒன்பதாண்டு முன்பே சர் ஹென்றியும் போய்விட்டார். தன் சன்னல்கள் எல்லாவற்றிலும் ஷகாலின் கண்ணாடி உள்ள கோயில் உலகில் டியூட்லி ஒன்றுதான். சூரிச்சிலும் மைன்ஸிலும் மெட்ஸிலும் அவர் கண்ணாடிகள் உண்டு, அளவில் பெரியவைதான். ஆனால் அங்கெல்லாம் மற்றவர்கள் கண்ணாடியும் உண்டு.

மற்ற பதினொன்றும் கீழைச் சன்னலைப்போல் கதை சொல்வதில்லை. தேவதைகள், பறவைகள், இலைகள், நீரோட்டம்போல் ஓடும் கோடுகள். பெரும்பாலானவை நீலம், தெற்குச் சுவரில் இரண்டு மட்டும் பொன்மஞ்சள். இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து விழும். மேகம் விலகும்போதெல்லாம் அந்த இரண்டு சன்னலின் மஞ்சள் தரைக்கல்லிலும் இருக்கையிலும் வந்து படியும், எதிர்ச் சுவரின் நீலத்தைப் போய்த் தொடும். துக்கத்தின் நிறத்தை மட்டுமே கொடுத்துவிட்டுப் போகாமல் தொழ வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் வெயிலையும் வைத்தாரே என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் டியூட்லியில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது வேறொன்று. கூடத்துச் சன்னல்கள் தாழ்வானவை. பேராலயங்களில் வண்ணக் கண்ணாடி எட்டாத உயரத்தில் இருக்கும். கழுத்து வலிக்கப் பார்த்து, நிறம் தெரிந்தது என்று திருப்திப்பட வேண்டியதுதான். இங்கே முகத்துக்கு நேரே இருக்கிறது. கருஞ்சாந்தில் கீறிய கோடு தெரிகிறது. துணியால் ஒற்றிய இடம் தெரிகிறது. அமிலம் தின்ற ஓரம் எங்கே வெளுத்து எங்கே மறுபடி ஆழமாகிறது என்று விரல் வைக்காமலே தடவிப் பார்க்கலாம். ஒரு மூலையில் ஓவியரின் கையெழுத்து. கண்ணாடிக் குமிழிக்குப் பின்னால் அசைவது என்ன என்று உற்றுப் பார்த்தால், வெளியே காற்றில் ஆடும் மரக்கிளை. ரெய்ம்ஸில் உருவான தேவதைக்கு டியூட்லியின் மரம் சிறகசைவு தருகிறது. கோயில் சின்னதாக இருப்பதால்தான் இதெல்லாம் கிடைக்கிறது. உலகப் புகழ் பெற்ற கண்ணாடிகள் ஒரு கிராமத்தில் ஒளிந்து கிடக்கின்றனவே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அருங்காட்சியகத்தில் பின்னால் மின்விளக்கு போட்டு நிறுத்தினால் இவற்றில் பாதி செத்துவிடும். காலை ஒன்பது மணிக்குக் கீழைச் சன்னல் எரியும், பிற்பகலில் அடங்கும், மழை வந்தால் கூடம் முழுக்கக் கடலடிபோல் ஆகிவிடும். ஒரே சன்னலை இரு வேளைகளில் பார்த்தவர்கள் இரண்டு சன்னலைப் பார்த்தவர்கள்.

பீடப் பகுதியின் சன்னல்கள் கடைசியில் வந்தவை. அவை தாமதமானதற்குக் காரணம் ஓவியரின் முதுமை மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே விக்டோரியா காலத்து வண்ணக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றைக் கழற்றலாமா என்று கேள்வி எழுந்தது. உலகின் பெரிய ஓவியர் கொடுக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். ஊரார் யோசித்தார்கள். அவர்கள் யோசித்தது சரி என்றே சொல்வேன். பழைய கண்ணாடியும் யாரோ ஒரு குடும்பம் யாரோ ஒருவர் நினைவாக வைப்பதுதான். அதற்கு முன்னும் ஒருவர் மண்டியிட்டு அழுதிருப்பார். சாராவின் நினைவுக்கு இடம் தர இன்னொருவர் நினைவை வெளியே எறிவது எந்த வகையில் நியாயம்? இறுதியில் வழி பிறந்தது. விக்டோரியா காலத்துக் கண்ணாடிகளைப் போதகர் அங்கி மாற்றும் சிற்றறைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி, பின்னால் மின்விளக்கு வைத்தார்கள். வெயில் பறிபோனது அவற்றுக்கு நேர்ந்த இழப்புதான், மறைக்க முடியாது. ஆனால் உடைந்து போகவும் இல்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. டியூட்லிக்குப் போகிறவர்கள் ஷகாலைப் பார்த்த கண்ணோடு அவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இந்தக் கண்ணாடியின் பயணம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி பல நூற்றாண்டு தாங்கும். அதைப் பிடித்து நிற்கும் ஈயம் அவ்வளவு தாங்காது. காற்றின் அழுத்தத்திலும் வெயில் குளிரிலும் அது விரிந்து சுருங்கித் தளரும், தகடுகள் மெல்ல வெளிப்புறமோ உட்புறமோ புடைக்கும். ஏறத்தாழ நூறாண்டுக்கு ஒருமுறை பழைய ஈயத்தை அகற்றிப் புது ஈயம் கட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் என்றாவது ஒருநாள் டியூட்லியின் சன்னல்கள் சுவரை விட்டு இறங்கும். துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டும் படமெடுத்துக் கணக்கில் ஏறும், கழுவப்படும், மறுபடி கூடும். ஈயக் கோடும் ஷகால் போட்ட கோடுதான் என்பதால் புதிய பட்டையைப் பழைய வளைவிலிருந்து நூலளவும் பிசகாமல் வளைக்கத் தெரிந்த கை வேண்டும். சிமோன் குடும்பம் தொடங்கிய பட்டறை ரெய்ம்ஸில் இன்னும் நடக்கிறது.